2147483647: ஒரு பெரிய பகா எண்ணைக் காகிதமும் போனும் வைத்து முழுசாகத் தெரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

2147483647 ஒரு பகா எண். போனில் தட்டினால் ஒரு நொடியில் அப்படித்தான் பதில் வரும். ஆனால் அது ஏன் பகா எண், அதை நாமே எப்படி உறுதி செய்துகொள்வது, உறுதியான பிறகு அந்த எண்ணிடமிருந்து என்னவெல்லாம் வாங்கலாம் என்பதற்கு அந்தப் பதிலில் ஒன்றும் இல்லை. அதைத்தான் இங்கே படிப்படியாகச் செய்யப் போகிறோம்.

நான் செங்கோட்டையில் சாயங்கால நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம் படிக்கிற பிள்ளைகளும் வருவார்கள், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்து கேரளப் பாடத்திட்டத்தில் படிக்கிற பிள்ளைகளும் வருவார்கள். இரண்டு பேருக்கும் பகா எண் என்றால் "1-ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடும்" என்ற ஒரு வரிதான் கையில் இருக்கிறது. அந்த வரி சரிதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு பத்து இலக்க எண்ணிடம் போய் நின்றால் ஒன்றும் நடக்காது. வேறு ஒரு வரி வேண்டும். என் அபிப்பிராயத்தில் இந்த எண்ணைப் பற்றிய நல்ல விஷயங்கள் எல்லாமே ஒரே ஒரு சின்ன உண்மையிலிருந்து புறப்படுகின்றன, கடைசி வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டே போகலாம்.

தேவையானவை: பத்தாம் வகுப்பில் வரும் மட்டு எண்கணிதம் (வகுத்தால் என்ன மீதி என்பதை மட்டும் பார்ப்பது), காகிதம், பேனா. பின்பாதிக்குப் போனில் பைதான் (Python) என்ற நிரல் மொழி இருந்தால் நல்லது, ஏனென்றால் சாதாரண கால்குலேட்டர் பத்தொன்பது இலக்கம் வந்ததும் தோராயமாக்கிவிடும், நமக்குக் கடைசி இலக்கம் வரை வேண்டும்.

படி 1: எண்ணின் உருவத்தைப் பாருங்கள்

முதலில் கையால் போட்டுப் பாருங்கள். 2¹⁰ = 1024. அதை வர்க்கமாக்கினால் 2²⁰ = 1048576. இந்த இரண்டையும் பெருக்கினால் 2³⁰ = 1073741824. இன்னொரு 2-ஆல் பெருக்கி 1 கழித்தால் 2147483647. அதாவது நம் எண் 2³¹ − 1. நம் வழக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இரும எண்ணாக எழுதினால் முப்பத்தொரு 1-கள் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு பூஜ்யம் கூட இருக்காது.

இனி இந்த எண்ணை 'ப' என்று எழுதுகிறேன். நாம் பிடித்துக்கொண்டு போக வேண்டிய உண்மை இதுதான்:

2³¹ ≡ 1 (மட்டு ப)

2³¹ என்பது ப + 1, ஆகவே ப-வால் வகுத்தால் மீதி 1. அவ்வளவுதான் அதன் நிரூபணம்.

2-இன் அடுக்கில் 1 குறைந்த எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர், 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் பெயரில். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் பகு எண்தான்: 2³⁵ − 1 என்றால் அதை 2⁵ − 1 = 31-ம் வகுக்கும், 2⁷ − 1 = 127-ம் வகுக்கும். ஆகவே அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த 2047-ஐ மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: வகுத்துப் பார்க்க வேண்டியவற்றைக் குறையுங்கள்

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த படி இது. கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

46340-இன் வர்க்கம் 2147395600, அது ப-வை விடச் சிறியது. 46341-இன் வர்க்கம் 2147488281, பெரியது. ஆக ப-வுக்கு வகுத்தி ஏதாவது இருந்தால் 46340-க்குள் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதற்குள் இருக்கும் பகா எண்கள் மட்டுமே ஏறத்தாழ நாலாயிரத்து எண்ணூறு. எல்லாவற்றாலும் வகுப்பது மனிதர் செய்கிற காரியம் இல்லை. "சார், அத்தனையாலும் வகுக்கணுமா?" என்று பிள்ளைகள் கேட்கும் இடமும் இதுதான், நியாயமான கேள்வி.

ப-வை வகுக்கும் ஒரு பகா எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதற்கு 'வ' என்று பெயர். ப-வை வ வகுக்கிறது என்றால், நம் ஒற்றை உண்மை வ-வுக்கும் பொருந்தும்: 2³¹ ≡ 1 (மட்டு வ). இப்போது கேரள எல்லையில் இருக்கும் புளியரைச் சோதனைச் சாவடி மாதிரி இரண்டு சாவடிகளை வ தாண்டியாக வேண்டும்.

முதல் சாவடி. 2-ஐ மேலும் மேலும் 2-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் வ-வின் கணக்கில் (அதாவது வ-வால் வகுத்த மீதியை மட்டும் பார்த்தால்) எத்தனையாவது அடுக்கில் முதல் முறையாக 1 வரும்? அந்த அடுக்கு 31-ஐ வகுக்க வேண்டும், 31 பகா எண், ஆகவே அது 1 அல்லது 31. முதல் அடுக்கிலேயே 2 ≡ 1 ஆக முடியாது. ஆகவே 31. ஃபெர்மாவின் சிறிய தேற்றம் 2-இன் (வ − 1)-ஆம் அடுக்கும் 1 தான் என்று சொல்கிறது, ஆகவே வ − 1 என்பது 31-இன் மடங்கு. வ ஒற்றைப்படை என்பதால் வ − 1 இரட்டைப்படை. இரண்டும் சேர்ந்தால் வ − 1 என்பது 62-இன் மடங்கு. அதாவது 63, 125, 187, 249, 311 என்று 62 தாண்டித் தாண்டி வரும் எண்கள் மட்டும்தான் ஆட்டத்தில் இருக்கின்றன.

இரண்டாம் சாவடி. 2³¹ ≡ 1 என்பதை இரு பக்கமும் 2-ஆல் பெருக்கினால் 2³² ≡ 2. இடப்பக்கம் 2¹⁶-இன் வர்க்கம். ஆகவே வ-வின் கணக்கில் 2 ஒரு முழு வர்க்கம், அதன் வர்க்கமூலம் 2¹⁶ = 65536. ஒரு பகா எண்ணின் கணக்கில் 2 வர்க்கமாக இருக்க வேண்டுமென்றால் அந்தப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும், வேறு வழியே இல்லை. இது எண்ணியலில் நன்கு தெரிந்த விதி, இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் பாருங்கள். 62 தாண்டி வரும் எண்களில் நாலுக்கு இரண்டுதான் மிஞ்சும்: 248-இன் மடங்கோடு 1 கூட்டியவை, 248-இன் மடங்கோடு 63 கூட்டியவை. 46340 வரை இப்படி வரும் எண்கள் மொத்தம் 373, அதில் 63-ஐப் பார்த்தவுடனே கழித்துவிடலாம், 372. அவற்றிலும் பெரும்பாலானவை 3, 5, 7 என்று சின்ன எண்களால் உடைந்துபோகும், உண்மையில் வகுக்க வேண்டியவை சுமார் எண்பதுதான். நாலாயிரத்து எண்ணூறு எங்கே, எண்பது எங்கே!

தொடங்கிப் பார்ப்போம். 249 = 3 × 83, வேண்டாம். 311 பகா எண், வகுங்கள்: ஈவு 6905092, மீதி 35. 497 = 7 × 71. 559 = 13 × 43. 745, 807, 993, 1055 எல்லாம் உடையும். 1241 = 17 × 73. 1303 பகா எண்: மீதி 226. 1489 பகா எண்: மீதி 199. இப்படியே 46340 வரை போனால் எங்கும் மீதி பூஜ்யம் வராது. நேரம் இருப்பவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து முழுசாகவே செய்யலாம், செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் நல்ல வேலை.

இந்த வேலையைத்தான் லியோனார்ட் ஆய்லர் செய்தார். 1772-இல் பெர்னூலி என்ற கணிதருக்கு எழுதிய கடிதத்தில் முடிவைச் சொன்னார், 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 என்ற இதே சல்லடைதான் அவரும் பயன்படுத்தியது. அதற்கு முன்பே 1588-இல் இத்தாலியில் கட்டால்டி என்ற கணிதர் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று சரியாகக் காட்டியிருந்தார். கூடவே அடுக்கு 23, 29, 31, 37 எல்லாமும் பகா எண் தரும் என்றும் சொல்லிவிட்டார். அதில் 31 மட்டுமே நின்றது. 23-ஐயும் 37-ஐயும் ஃபெர்மா உடைத்தார், 29-ஐ ஆய்லர் உடைத்தார்.

சின்ன எண்ணில் ஒரு முறை பழகிக்கொள்ள வேண்டுமென்றால் 2¹³ − 1 = 8191 எடுங்கள். வகுத்திகள் 26-இன் மடங்கோடு 1, அதுவும் 90-க்குள்: 27, 53, 79. 8-ஆல் வகுத்த மீதிகள் 3, 5, 7. ஆகவே 79 மட்டும் தேறும். 8191-ஐ 79-ஆல் வகுத்தால் மீதி 54. ஒரே ஒரு வகுத்தலில் 8191 பகா எண் என்று முடிந்துவிட்டது. இதைப் பார்த்த பிறகும் கணக்கு பிடிக்கவில்லை என்று சொன்ன பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

படி 3: ஃபெர்மா சோதனை, அதில் ஒரு பள்ளம்

பெரிய எண் பகா எண்ணா என்று கேட்டால் இணையத்தில் பல இடங்களில் சொல்லும் வழி: 2-இன் (ப − 1)-ஆம் அடுக்கை ப-வால் வகுத்து மீதி 1 வருகிறதா பார். பைதானில் 'பவ்' (pow) என்ற கட்டளைக்கு மூன்று எண்களைக் கொடுத்தால் (அடி, அடுக்கு, மட்டு) உடனே விடை வரும்.

மெர்சென் எண்களுக்கு அடி 2-ஐ எடுக்கவே எடுக்காதீர்கள். 2047-ஐ நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா. 2¹¹ ≡ 1 (மட்டு 2047), 2046 என்பது 11-இன் மடங்கு (11 × 186), ஆகவே 2-இன் 2046-ஆம் அடுக்கும் 1 தான். 2047 பகு எண்ணாக இருந்தும் சோதனையில் தேறிவிடும்! அடுக்கு பகா எண்ணாக இருக்கும் எல்லா மெர்சென் எண்களும் இப்படித் தேறும், ஏனென்றால் அவற்றின் உருவமே 2-க்குச் சாதகமாக இருக்கிறது. அடி 3 எடுங்கள். அதிலும் மீதி 1 வந்தால் "பகா எண்ணாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்" என்று மட்டும்தான் சொல்லலாம், நிரூபணம் ஆகாது.

படி 4: லூகா–லெமர் சோதனை

இது நிரூபணம். எண்பது வகுத்தல்கள் கூட வேண்டாம், 29 முறை வர்க்கமாக்கினால் போதும். பிரான்சின் எதுவார் லூகா 1870-களில் அடித்தளம் போட்டார், அமெரிக்காவின் டெரிக் லெமர் 1930-களில் இப்போதுள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

விதி சின்னது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கமாக்கி 2 கழித்து ப-வால் வகுத்த மீதியை எடுங்கள். அடுக்கு 31 என்பதால் இதை 31 − 2 = 29 முறை செய்ய வேண்டும். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இடையில் சந்தேகம் என்ற பேச்சே இல்லை.

முதலில் 2⁷ − 1 = 127-இல் கையால் செய்யுங்கள், ஐந்து முறை: 4 → 14 → 67 → 42 → 111 → 0. பூஜ்யம், ஆகவே பகா எண். இப்போது 2047-இல் ஒன்பது முறை: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூஜ்யம் இல்லை. ஃபெர்மா சோதனையில் தப்பித்த 2047 இங்கே மாட்டிக்கொண்டது.

நம் ப-வுக்கு: 4, 14, 194, 37634, 1416317954 வரை மடக்கவே வேண்டாம். அடுத்தது 1416317954-இன் வர்க்கம்: 2005956546822746116. இதை ப-வால் நீளமாக வகுக்கத் தேவையில்லை, இங்கேயும் 2³¹ ≡ 1 உதவுகிறது. எண்ணை 2³¹-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும், ஏனென்றால் 2³¹ என்பது இங்கே 1-க்குச் சமம். 9-ஆல் வகுத்த மீதி காண இலக்கங்களைக் கூட்டுகிறோமே, அதே சூட்சுமம்தான் இருமத்தில். ஈவு 934096307, மீதி 1883058180, கூட்டினால் 2817154487. இது ப-வை விடப் பெரிது, ஒரு ப கழித்தால் 669670840. சோதனையின் 2-ஐக் கழித்தால் 669670838. கம்ப்யூட்டருக்கு இந்த வகுத்தல் ஒன்றுமே இல்லை, இரும இலக்கங்களை 31 இடம் நகர்த்திக் கூட்டுவதுதான். பெரிய மெர்சென் எண்களைச் சோதிப்பது மற்ற எண்களைச் சோதிப்பதை விட இவ்வளவு வேகமாக நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடர்ந்து போங்கள்: 1937259419, 425413602, 842014276, 12692426... ஒரு ஒழுங்கும் தெரியாமல் குதித்துக்கொண்டே போகும். 27-ஆவது முறை 1181536708. 28-ஆவது முறை 65536. 29-ஆவது முறை 0.

அந்த 65536-இல் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டாம் சாவடியில் பார்த்த அதே 2¹⁶. கடைசியில் பூஜ்யம் வர வேண்டுமென்றால் அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கம் 2 ஆக இருக்க வேண்டும், 2-இன் வர்க்கமூலங்கள் 65536-ம் அதன் எதிர்ம எண்ணும்தான். ஆகவே ஒழுங்கே இல்லாத மாதிரி அலைந்த வரிசை கடைசிக்கு முந்தைய படியில் இந்த இரண்டில் ஒன்றில் வந்து நின்றே ஆக வேண்டும். 127-இல் 111 வந்ததே, அது 111 − 127 = −16, அதாவது 2⁴-இன் எதிர்மம். நம் ப-வில் நேர்ம எண்ணாகவே வந்தது. பைதானில் ஓட்டி, ஒவ்வொரு படியையும் அச்சிட்டு, இந்த இடத்தை உங்கள் கண்ணால் பாருங்கள்.

படி 5: ப − 1-ஐ உடையுங்கள்

பகா எண்ணை உடைக்க முடியாது, ஆனால் அதற்கு ஒன்று குறைந்த எண்ணை உடைத்தால் அதன் உள் அமைப்பு வெளியே வரும்.

ப − 1 = 2 × (2³⁰ − 1) = 2 × (2¹⁵ − 1) × (2¹⁵ + 1) = 2 × 32767 × 32769. இதில் 32767 = 7 × 31 × 151, 32769 = 3² × 11 × 331. ஆக ப − 1 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. எல்லாம் கையாலேயே முடிகிறது.

இது எதற்கு? 1 முதல் ப − 1 வரையுள்ள எல்லா எண்களையும், ஒரே ஒரு எண்ணின் அடுக்குகளாக வரவழைக்க முடியும். அப்படிப்பட்ட எண்ணுக்குப் பிரிமிட்டிவ் ரூட் என்று பெயர். 2 அதற்கு ஆகாது, 31 அடுக்கில் 1-க்குத் திரும்பிவிடுகிறது. 3, 4, 5, 6 எதுவும் தேறாது. முதலில் தேறுவது 7. சரிபார்க்கும் முறை: 7-இன் (ப − 1)-ஆம் அடுக்கு 1 ஆக வேண்டும், ஆனால் ப − 1-ஐ 2, 3, 7, 11, 31, 151, 331 என்று ஒவ்வொன்றாலும் வகுத்துக் கிடைக்கும் அடுக்குகளில் 1 வரக் கூடாது. இந்த ஏழு அடுக்குகளையும் பைதானில் போட்டுப் பாருங்கள். இதுவே தனியாக இன்னொரு முழு நிரூபணமும் கூட, இப்படி ஓர் எண் கிடைத்தாலே ப பகா எண் என்று முடிவாகிவிடும். ஒரு முறை கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் நிமிடத்தில் சரிபார்க்கலாம்.

மொத்தம் எத்தனை பிரிமிட்டிவ் ரூட்? 1 × 6 × 6 × 10 × 30 × 150 × 330 = 534600000. 53 கோடியே 46 லட்சம், துல்லியமாக. கிட்டத்தட்ட நாலில் ஒரு எண்.

7⁵ = 16807. 5-க்கும் ப − 1-க்கும் பொது வகுத்தி இல்லாததால் இதுவும் பிரிமிட்டிவ் ரூட். கம்ப்யூட்டரில் போலி சீரற்ற எண்களை உண்டாக்கும் ஒரு பழைய முறை இதன் மேல்தான் நிற்கிறது: ஓர் எண்ணை எடு, 16807-ஆல் பெருக்கு, ப-வால் வகுத்த மீதியை எடு, திரும்பச் செய். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும். பார்க்கும்போது சீட்டுக் குலுக்கிய மாதிரி இருக்கும், ஆனால் 16807 பிரிமிட்டிவ் ரூட் என்பதால் 1 முதல் ப − 1 வரை ஒவ்வொரு எண்ணும் சரியாக ஒரு முறை வந்துவிட்டுத்தான் வரிசை 1-க்குத் திரும்பும். உங்கள் நிரல் சரியா என்று பார்க்க: 10000-ஆவது பெருக்கலில் 1043618065 வர வேண்டும். ரகசியக் குறியீட்டுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள், ஒரு எண் தெரிந்தால் அடுத்ததை யாரும் கணக்கிட்டுவிடலாம்.

படி 6: வர்க்கமூலம் எடுப்பது

ப + 1 = 2³¹. இதனால் ஓர் அபூர்வமான வசதி கிடைக்கிறது. ஓர் எண் ப-வின் கணக்கில் வர்க்கமாக இருந்தால், அதன் வர்க்கமூலம் அந்த எண்ணின் (ப + 1)/4-ஆம் அடுக்கு. (ப-வை 4-ஆல் வகுத்தால் மீதி 3 வருவதால் இந்தச் சூத்திரம் செல்லும்.) இங்கே (ப + 1)/4 = 2²⁹, அதாவது எண்ணை 29 முறை வர்க்கமாக்கிக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது அதன் வர்க்கமூலம்! வர்க்கமாக்கி வர்க்கமாக்கி வர்க்கமூலத்துக்குப் போகிறோம். நம்பிக்கை வரவில்லை என்றால் சின்னத் தம்பியான 31-இல் பாருங்கள். அங்கே 32/4 = 8, மூன்று முறை வர்க்கமாக்க வேண்டும். 5-ஐ எடுங்கள்: 25, பிறகு 625-இன் மீதி 5, பிறகு 25. விடை 25. சரிபார்ப்பு: 25 × 25 = 625 = 31 × 20 + 5. சரி.

அதே மீதி 3-ஆல் வரும் இன்னொரு குணம்: ப-வை இரண்டு முழு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. முழு வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1, இரண்டைக் கூட்டினால் 3 வராது. ஒரு வரிதான்.

படி 7: வில்சன் தேற்றம், அப்புறம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர்

ப பகா எண் என்றால் 1 × 2 × 3 × ... × (ப − 1) என்ற பெருக்கலோடு 1 கூட்டினால் ப-வால் வகுபடும், பகு எண் என்றால் வகுபடாது. அழகான தேற்றம், சோதனைக்கு உதவாது, இருநூறு கோடிக்கு மேல் பெருக்கல் செய்ய வேண்டும்.

ஆனால் இதை ஒட்டி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. செங்கோட்டைக்குப் பக்கத்தில் வல்லம். 1901-இல் அங்கே பிறந்தவர் எஸ். எஸ். பிள்ளை, அப்போது செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, 1956-இல்தான் சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தது. திருவனந்தபுரத்தில் பட்டப்படிப்பு, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. எந்த முழு எண்ணையும் எழுத அதிகபட்சம் எத்தனை ஆறாம் அடுக்குகளின் கூட்டல் போதும் என்ற கேள்விக்கு 73 என்று நிரூபித்தவர். 1950 ஆகஸ்ட் 31-இல் அமெரிக்காவுக்கு உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரிலேயே பிள்ளை பகா எண்கள் என்று ஒரு வகை உண்டு: ஏதோ ஒரு எண் வரையிலான பெருக்கலோடு 1 கூட்டினால் அந்தப் பகா எண்ணால் வகுபட வேண்டும், ஆனால் பகா எண்ணில் 1 கழித்தது அந்த எண்ணால் வகுபடக் கூடாது. அவற்றில் சிறியது 23. 1 முதல் 14 வரை பெருக்கிக்கொண்டே ஒவ்வொரு படியிலும் 23-ஆல் வகுத்த மீதியை மட்டும் வையுங்கள்: 1, 2, 6, 1, 5, 7, 3, 1, 9, 21, 1, 12, 18, 22. கடைசி 22, ஒன்று கூட்டினால் 23. ஆனால் 22 என்பது 14-ஆல் வகுபடாது. இந்தப் பகுதியில் எண்ணியல் படிக்கிற பிள்ளைகள் இந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

படி 8: ப-வின் சொந்தக்காரர்களைப் பாருங்கள்

தன்னைத் தவிர மற்ற எல்லா வகுத்திகளையும் கூட்டினால் தானே வரும் எண் நிறைவெண்: 6, 28, 496, 8128. மெர்சென் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். நம் ப தருவது 2³⁰ × ப = 2305843008139952128. கூட்டிப் பார்ப்பது சுலபம்: 1 + 2 + 4 + ... + 2³⁰ = ப. ப-வோடு பெருக்கிய வகுத்திகள்: ப × (1 + 2 + ... + 2²⁹) = ப × (2³⁰ − 1). இரண்டையும் கூட்டினால் ப × 2³⁰. 1811-இல் ஆங்கிலேயர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய நிறைவெண் இனிக் கண்டுபிடிக்கப்படாது, பயனில்லாததால் யாரும் தேடவும் மாட்டார்கள் என்ற பொருளில் எழுதினார். 1876-இல் லூகா 2¹²⁷ − 1 பகா எண் என்று நிரூபித்துவிட்டார்.

2-இன் ப-ஆம் அடுக்கில் 1 குறைத்தால்? 3, 7, 31, 127 நாலுக்கும் அப்படிச் செய்தால் பகா எண்தான் வருகிறது, ப-வுக்கு வராது. 295257526626031 என்ற எண் அதை வகுக்கிறது. இந்த எண்ணைக் கவனியுங்கள்: 137490 × ப + 1. 8-ஆல் வகுத்தால் மீதி 7. படி 2-இன் இரண்டு சாவடிகளும் அப்படியே! 'பவ்' கட்டளையில் அடி 2, அடுக்கு ப, மட்டு இந்த எண் என்று கொடுங்கள், 1 வரும்.

அக்கம்பக்கத்தில் முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. 2-இல் தொடங்கி எண்ணினால் ப 10,50,97,565-ஆவது பகா எண். இந்த அளவில் சராசரியாக 21, 22 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும், உங்கள் மொபைல் எண்ணும் பத்து இலக்கம்தான், சோதித்துப் பாருங்கள்.

32 இரும இலக்கங்களில் கூட்டல் கழித்தல் குறியோடு எண்ணும் கம்ப்யூட்டர்களில் எட்டக்கூடிய உச்ச எண்ணும் ப தான். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை இப்படி எண்ணும் பழைய அமைப்புகளில் அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று நம் நேரம் காலை 8:44:07-க்கு ப-வைத் தொடும், அதற்கு அடுத்த நொடி எதிர்ம எண்ணுக்குப் போய்விடும். அது பகா எண்ணாக இருப்பதற்கும் இந்தச் சிக்கலுக்கும் தொடர்பில்லை.

படி 9: இதே கருவிகளோடு மேலே போங்கள்

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண் 2-இன் 136279841-ஆம் அடுக்கில் 1 குறைவு, 41024320 இலக்கங்கள். அதையும் லூகா–லெமர் சோதனையால்தான் உறுதி செய்தார்கள், நீங்கள் 127-இல் ஐந்து வரியில் போட்ட அதே சோதனை. மெர்சென் வடிவம் இல்லாத எண்களுக்கு வேறு வழிகள் உண்டு. எந்த எண்ணுக்கும் பொருந்தும், உறுதியான, வேகமான ஒரு வழியை 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கண்டுபிடித்தார்கள். அது தனியாக எழுத வேண்டிய பெரிய விஷயம்.

இப்போதைக்குக் கட்டால்டியின் 2¹⁷ − 1 = 131071 எடுத்துக்கொள்ளுங்கள். 34-இன் மடங்கோடு 1, 362-க்குள், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7: 103, 137, 239, 273. 273-ஐ 3 வகுக்கும், தள்ளிவிடுங்கள். மிச்சம் மூன்று வகுத்தல். மீதிகள் 55, 99, 99 வர வேண்டும். அது முடிந்ததும் 2¹⁹ − 1 = 524287-க்கு வகுத்திப் பட்டியலை நீங்களே தயார் செய்யுங்கள், 38-இன் மடங்கிலிருந்து தொடங்குங்கள்.